அவள் சொல்லாத மூணு

என் மனைவி மூணு என்று எண்ணியதே இல்லை. கடையில் மூணு எலுமிச்சம்பழம் கேட்பாள், மூணாவது தெருவில் திரும்பச் சொல்வாள், அதிலெல்லாம் ஒரு குறையும் இல்லை. ஒண்ணு, ரெண்டு என்று வரிசையாக எண்ணும்போது மட்டும் அவளுக்கு அடுத்தது நாலு. சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள். ஊர் உலகமே இருபத்தெட்டு வருஷமாக அந்த எண்ணிக்கைக்கு ஆடிக்கொண்டுதான் இருக்கிறது. அதில் இந்த வருஷம் யாரோ ஒரு மூணைச் செருகினார்கள். யாரோ என்ன யாரோ, அவள் கூடப் பிறந்த அண்ணன்தான். என் மச்சான்.

மனைவியின் அண்ணனை ‘அவர்’ என்று எழுதுவதுதான் முறை. எனக்குத் தெரியும். கோபத்தில் எழுதுகிறேன், அதனால் ‘அவன்’தான். கோபம் இறங்கினால் பார்க்கலாம்.

நான் லிஃப்ட் மெக்கானிக். அவள் காது சோதிப்பவள். பெரிய ஆஸ்பத்திரியின் இரண்டாம் மாடியில் கடைசி அறை அவளுடையது. அந்த அறைக்குள் ஒரு குட்டி அறை இருக்கும். சுவரெல்லாம் நுரை மெத்தை, கதவு ஒரு சாண் கனம். நோயாளி உள்ளே ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு உட்காருவார். இவள் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்து பொத்தானை அழுத்துவாள். “சத்தம் கேட்டா கையத் தூக்குங்க. சின்னதா கேட்டாலும் தூக்குங்க. கேக்காம தூக்கக் கூடாது.” இருபத்தாறு வருஷமாக இதே மூன்று வாக்கியம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள்.

லீவு வாங்குவதற்காகச் செவிடு என்று வருகிறவர்களும் உண்டு. அவள் காதிலேயே பூச்சுற்றப் பார்ப்பார்கள். இவள் சோதனையெல்லாம் முடித்து, காகிதத்தைப் பார்த்துக்கொண்டே மெல்லிய குரலில், “சட்டை பட்டன் கழண்டிருக்குங்க” என்பாள். ஆள் சட்டென்று குனிந்து பார்ப்பான். அவ்வளவுதான், குட்டு வெளிப்பட்டுவிடும். “வாய் பொய் சொல்லும். உடம்புக்குச் சொல்லத் தெரியாது” என்பது அவள் கட்சி.

எங்கள் அறிமுகமே அந்த ஆஸ்பத்திரி லிஃப்டில்தான், அதைப் பார்த்துக்கொள்வது என் வேலை. இரண்டு மாடிகளுக்கு நடுவே லிஃப்ட் நின்றுபோனது, உள்ளே இவள் ஒருத்தி. நான் மேலேயிருந்து, “பயப்படாதீங்க, இதோ எடுத்துடறேன்” என்று கத்தினேன். உள்ளேயிருந்து பதில் வந்தது: “பயமெல்லாம் இல்லைங்க. உங்க மோட்டார்ல ஏதோ ஒண்ணு ஒரு வாரமாக் கத்திக்கிட்டு இருக்கு. உங்க யாருக்கும் கேக்கலையா?” போய்ப் பார்த்தால் பேரிங் தேய்ந்திருந்தது. மானம் போனது. அந்த மானத்தை மீட்கத்தான் கல்யாணம் செய்துகொண்டேன் என்று இன்றைக்கும் வீட்டில் சொல்லிக்கொள்வேன்.

அவள் மூணைத் தாண்டுகிற விஷயம் எனக்குத் தெரியவந்தது கல்யாணமான நாலாம் மாதம். வீடு மாற்றினோம். இரும்பு பீரோவை ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்தோம். “நீ எண்ணு, மூணுல தூக்கிடலாம்” என்றேன். “ஒண்ணு, ரெண்டு, நாலு” என்று சொல்லித் தன் பக்கத்தைத் தூக்கிவிட்டாள். நான் மூணுக்குக் காத்துக்கொண்டு நிற்கிறேன். பீரோ சாய்ந்து என் கால் கட்டைவிரல் மேல் இறங்கியது. நகம் போனது. வலியில் நான் கத்திய கத்தலில் அவள் வெலவெலத்துப் போய்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். நான் கையை ஓங்கவில்லை, கத்தியதோடு சரி. அவளோ தலையைக் கையால் மூடிக்கொண்டாள். அன்று சாயங்காலம் கட்டுப்போட்ட காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த என்னிடம், அவளாகவே சொன்னாள்.

அவளுடைய அப்பா ஓர் அலுவலகத்தில் மேற்பார்வையாளர். வெளியே தங்கமான மனுஷன் என்று பெயர். வீட்டில் கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு பெல்ட் தொங்கும். “மூணு எண்ணறதுக்குள்ள இங்க வந்து நிக்கணும்” என்பார். எண்ணுவார், நிதானமாக, ருசித்து. வந்து நின்றாலும் மூணில் அடி விழும். வராவிட்டாலும் விழும். நாலு என்ற ஓர் எண் உண்டு என்பதே அந்த வீட்டில் பள்ளிக்கூடப் புத்தகத்தில் மட்டும்தான்.

அவளுக்கு ஆறு வயது, அண்ணனுக்கு ஒன்பது. ஒரு நாள் மேஜைக்கு அடியில் ஒளிந்திருந்தபோது அண்ணன்காரன் அவள் காதில் சொன்னானாம்: “பாப்பா, மூணுலதான அடி விழுது? நாம மூணையே எடுத்துடுவோம். ஒண்ணு, ரெண்டு, நாலு. பாரு, தாண்டிட்டோம்.” அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாளாம். அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் அதுதான் எண்ணிக்கை. அடி நிற்கவில்லை. ஆனால் அடி விழாத ஒரு கணக்கு அவர்களிடம் இருந்தது.

அந்த ஒன்பது வயதுப் பையனை நான் இன்றும் கையெடுத்துக் கும்பிடுவேன். ஐம்பத்துமூன்று வயதுக்காரனைத்தான் நாலு அறை விடலாமா என்று இருக்கிறது.

அவன் வளர்ந்து, வீட்டை விட்டு ஓடி, மின் இசைக் குழு ஒன்றை ஆரம்பித்தான். மொத்தம் மூன்று பேர். தாளப் பெட்டியை ஓட்டுகிறவரை எல்லோரும் மொட்டை என்பார்கள். சிந்தசைசர் முழுக்க வயராகச் செருகிவைத்து, எந்த வயர் எங்கே போகிறது என்று தனக்கு மட்டுமே தெரிந்த அம்மாளுக்கு வயரம்மா என்று பெயர். மூன்றாவது மச்சான். ஒரு நாள் அவனுடைய வாடகை அறைக்கு இவள் போர்வை கொடுக்கப் போயிருக்கிறாள். அப்போது அவளுக்கு இருபத்திரண்டு வயது. “மைக்ல சும்மா எண்ணு பாப்பா, சத்தம் பாக்கணும்” என்றிருக்கிறான். இவள் பழக்க தோஷத்தில், “ஒண்ணு, ரெண்டு, நாலு” என்றாள். மொட்டையும் வயரம்மாவும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மச்சான் மட்டும் சிரிக்கவில்லையாம்.

அந்தக் குரலை வைத்துத்தான் முதல் பாட்டைச் செய்தான். ஒண்ணுக்கு ஓர் அடி, ரெண்டுக்கு ஓர் அடி. மூணாவது அடியில் எல்லாம் செத்துப்போகும். தாளம், இரைச்சல், ஸ்பீக்கரின் மூச்சு எல்லாமே. நாலில் திரும்ப உயிர் வரும். கரண்ட் போய் வந்த மாதிரி இருக்கும். அதனாலேயே குழுவுக்கு ‘மின்தடை’ என்று பெயர் வந்தது. அரங்கில் ஆயிரம் பேர் அந்த மூணாவது அடியில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பதை நானே பார்த்திருக்கிறேன். நாள் முழுக்க மோட்டார் இரைச்சலில் கிடக்கிறவன் நான், அந்த இசையில் எனக்குப் பிடித்ததே அந்த ஓர் அடி அமைதிதான்.

மூணு ஏன் இல்லை என்பதற்கு ரசிகர்கள் சொன்ன காரணங்களைத் தொகுத்தால் ஒரு மூட்டை தேறும். குழுவே மூன்று பேர், அதனால் அவர்களே அந்த மூணு என்றார்கள் சிலர். ஒரு பேராசிரியர் நாற்பது பக்கம் எழுதினார். இவள் அதை எனக்கு வாசித்துக் காட்டிக் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். உண்மைக் காரணம் உலகத்தில் மூன்று பேருக்குத்தான் தெரியும்: அவளுக்கு, அவனுக்கு, எனக்கு.

ஆறு வருஷம் சும்மா இருந்துவிட்டு இப்போது புது ஆல்பம் போடுகிறார்கள். பெயர் ‘நேர்கோடு’. இத்தனை வருஷம் நொண்டி நொண்டியே ஊரை ஆட்டிவைத்தவர்கள் இனி நேராக நடக்கப் போகிறார்களாம். நாய் வாலை நிமிர்த்தின கதை. இசை மாறட்டும், அதற்கு நான் எதுவும் சொல்லவில்லை. ஐம்பதைத் தாண்டியும் இருபது வயதுச் சட்டையையே போட்டுக்கொண்டு திரியுங்கள் என்று சொல்ல நான் யார்? ஆனால் பழைய முதல் பாட்டையும் புதுசாகச் செய்து ஆல்பத்தின் தலையில் வைக்க ஆசைப்பட்டான். அங்கேதான் வந்தது வினை.

இரண்டு மாதத்துக்கு முன்னால் ஃபோன் செய்தான். ஸ்பீக்கரில் போட்டுவிட்டு அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

“பாப்பா, ஒரே ஒரு வார்த்தை சொல்லித் தரணும். மூணுன்னு.”

“எதுக்கு?”

“புதுப் பாட்டுல இடைவெளி இல்ல. நாலு அடியும் நேராப் போகுது. அந்த இடம் மொட்டையா இருக்கு.”

“மாட்டேன்.”

“ஏன்?”

“ஏன்னு உனக்குத் தெரியாதா?”

“அதெல்லாம் எந்தக் காலம் பாப்பா” என்றான். அவள் ஃபோனை வைத்துவிட்டு, மடித்த சட்டையையே மறுபடி பிரித்து மடித்தாள். அத்தோடு முடிந்தது என்று நினைத்தோம்.

ஒரு வியாழக்கிழமை காலை அவள் ஃபோனுக்குப் பாட்டு வந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை ஆல்பம் வருகிறது, அதற்கு முன்னால் வீட்டு ஆட்கள் கேட்கட்டும் என்று அனுப்பியிருந்தான். நாங்கள் வேலைக்குக் கிளம்புகிற நேரம். டீயைக் கையில் வைத்துக்கொண்டு போட்டாள். மெத்துமெத்தென்று ஒரு சத்தம், புதுத் தலையணை மாதிரி. அதன் மேல் அவள் குரல். இருபத்திரண்டு வயதுக் குரல். ஒண்ணு. ரெண்டு. மூணு. நாலு.

டம்ளரை மேஜையில் வைத்தாள். மறுபடி போட்டாள். “இது நான் சொன்னதுதான்” என்றாள். “ஆனா எப்பச் சொன்னேன்?”

இன்னொரு தடவை போட்டபோது எனக்குக் கேட்டது. மூணுக்குப் பின்னால், மிகச் சன்னமாக, ஒரு மணி. கணீர் என்று இல்லை, விரிசல் விட்ட கிண்ணத்தைத் தட்டினது போல. “இது நம்ம ஆஸ்பத்திரி லிஃப்ட். ரெண்டாம் மாடி மணி” என்றேன். அந்த மணியை மாற்றச் சொல்லி நாலு தடவை எழுதிக் கொடுத்தவன் நான். பூனைக்கு மணி கட்டவும் ஆள் இல்லை, லிஃப்டுக்கு மணி மாற்றவும் ஆள் இல்லை.

அவள் கண்ணை மூடித் திறந்தாள். “ஆப்பரேஷன் அன்னிக்கு” என்றாள்.

போன வருஷம் அவளுக்குக் கண்ணில் ஆப்பரேஷன். அன்று காலை லிஃப்ட் வாசலில் நின்று அண்ணனுக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினாள்: “அண்ணா, மூணு மணிக்கு ஆப்பரேஷன். கொஞ்சம் பயமா இருக்கு. வந்துடு.” அவன் வரவில்லை. கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் ஒரு படம் அனுப்பினான். ஆள் வரவில்லை, ஆனால் மெசேஜைப் பத்திரமாக வைத்திருந்திருக்கிறான். அதிலிருந்து மூணை மட்டும் பிடுங்கி எடுத்து, குரலின் வயசைக் குறைத்து, பாட்டில் நட்டுவிட்டான். அந்த மூணு பயந்த மூணு. அண்ணன் வருவான் என்று நம்பிச் சொன்ன மூணு. அவன் செய்ததை நான் திருட்டு என்றுகூடச் சொல்ல மாட்டேன். திருடன் அடுத்த வீட்டில்தான் எடுப்பான். இது வேலியே பயிரை மேய்ந்த கதை.

“இன்னும் எட்டு நாள் இருக்கு” என்றாள் அவள். “அத எடுக்க வைக்கணும். வேற ஒண்ணும் வேண்டாம்.” இருபத்தாறு வருஷத்தில் எண்ணி ஐந்து முறை லீவு எடுத்தவள், அன்று அரை நாள் லீவு போட்டாள். நான் கருவிப் பையோடு வேலையிலிருந்து நேராக அவளோடு போனேன். மத்தியானம் மச்சானின் குழு ஓர் அரங்கில் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தது. வாசலில் காவலாளி, “யாரு நீங்க?” என்றார். கருவிப் பையைக் காட்டி, “ரிப்பேர்” என்றேன். பொய் இல்லையே.

உள்ளே காலி நாற்காலிகள். நடுவில் ஒலி மேஜை. அதன் முன்னால் புதிதாகச் சேர்ந்திருக்கும் ஒலிக்கலவைக்காரர், முப்பது முப்பத்தைந்து வயது இருக்கும், மரியாதையான மனுஷன். அவள் கேட்டதும் மறைக்காமல் சொன்னார். “மேடம், இப்ப எல்லாரும் ஃபோன்ல கேக்கறாங்க. அந்த இடைவெளி வந்தா ஃபோன் நின்னுபோச்சுன்னு நினைச்சு அடுத்த பாட்டுக்குப் போயிடறாங்க. அதான் ரொப்பினோம். குரல சார்தான் அனுப்பினாரு. நீங்க சம்மதிச்சுட்டதா நினைச்சேன்.”

மச்சான் மேடையிலிருந்து இறங்கி வந்தான். வெள்ளைத் தாடி, கறுப்புச் சட்டை. “வாங்க மாப்ள” என்றான், ஏதோ விருந்துக்கு வந்தவனை வரவேற்பது போல.

“மச்சான், உனக்கு வெக்கமா இல்ல?” என்றேன். இருபத்துநாலு வருஷத்தில் அவனை ‘நீ’ என்று சொன்னது அதுதான் முதல் தடவை. என் குரல் அரங்கத்தின் கடைசி வரிசைவரை போய்த் திரும்பி வந்தது.

“நீங்க சும்மா இருங்க” என்றாள் அவள். அண்ணனைப் பார்த்தாள். “அந்த மூணுக்குப் பின்னாடி ஒரு மணி அடிக்குதே, கேட்டியா?”

“என்ன மணி?”

கலவைக்காரர் நிமிர்ந்தார். “சார், அந்த லிஃப்ட் மணியா? நீங்க வேணும்னே விட்டுவெச்சதுன்னு நான் தொடாம விட்டேன்.”

மச்சான் அவரையும் பார்த்தான், தங்கையையும் பார்த்தான். மணி அவனுக்குக் கேட்டதே இல்லை. முப்பது வருஷம் ஸ்பீக்கர் பக்கத்தில் நின்ற காது. புது ஆல்பம் ஏன் தலையணை மாதிரி இருக்கிறது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. கீச்சென்ற சத்தங்கள் அவன் காதை விட்டு எப்போதோ போய்விட்டிருக்கின்றன.

“எத்தனை நாளா?” என்றாள். அவன் கை தானாகக் காதுக்குப் போனது. எனக்கே அந்தக் கணம் கோபம் ஒரு படி இறங்கியது. அவளுக்கு இறங்கவில்லை.

“காது கேக்கலன்னா அது நோய். அதுக்கு நான் இருக்கேன், நீ எங்கிட்ட வந்திருக்கணும். ஆனா இது நோய் இல்ல. நான் மாட்டேன்னு சொன்னது உனக்கு நல்லாக் கேட்டுச்சு.”

“பாப்பா, அந்த ஆளு செத்தே பன்னெண்டு வருஷம் ஆச்சு. இன்னும் எத்தனை நாளைக்கு அவரச் சுமக்கறது? நான் விட்டுட்டேன். அதுக்குத்தான் இந்த ஆல்பமே. நீயும் விட்டுடேன்.”

“விட்டுட்டியா?”

“விட்டுட்டேன்.”

“சரி. அப்ப நீ எண்ணு. உன் வாயால எண்ணு. எண்ணிட்டேன்னா என் குரல வெச்சுக்கோ.”

அவன் சிரித்தான். சும்மா ஒரு விஷயம் என்பது போல மேடை ஏறி மைக் முன்னால் நின்றான். மொட்டை தாளப் பெட்டியிலிருந்து கையை எடுத்தார். வயரம்மா அப்படியே நின்றார்.

“ஒண்ணு” என்றான். பெரிய ஸ்பீக்கர்களில் அது அரங்கம் முழுக்க நின்றது. “ரெண்டு.”

அப்புறம் வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. இடது தோள் தானாக மேலே ஏறிக் காதை மூடியது. கண் இறுக மூடிக்கொண்டது. இரண்டு கையும் பின்னால் போய்த் தொடையை மறைத்தன. ஐம்பத்துமூன்று வயது, வெள்ளைத் தாடி, ஆயிரம் பேரை ஆட்டிவைக்கிற ஆள், அடிக்குக் காத்துக்கொண்டு நின்றான். அடி விழாததால் மெதுவாகக் கண்ணைத் திறந்தான். தங்கை அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்து பார்ப்பது போல.

“நாலு” என்றான், மிகச் சின்னக் குரலில்.

கலவைக்காரர் யாரும் சொல்லாமலேயே திரையில் எதையோ தேர்ந்தெடுத்து அழித்தார். “எடுத்துட்டேன் மேடம்.”

“மூணு மட்டும் இல்ல, எல்லாத்தையும் எடுத்துடுங்க” என்றாள். “ஒண்ணும் வேண்டாம், ரெண்டும் வேண்டாம். என் குரல் இனிமே இந்தப் பாட்டுல இருக்கக் கூடாது. அவனே எண்ணட்டும்.” கைப்பையை எடுத்துக்கொண்டு நடந்தாள். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அழுதாள். எனக்குத் திரும்பிப் போய் அவன் ஸ்பீக்கர் ஒன்றையாவது உடைக்க வேண்டும் போல இருந்தது. கருவிப் பையும் மடியில்தான் இருந்தது. அவள் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்ததால் போகவில்லை.

ஆல்பம் சொன்ன நாளில் வந்தது. அந்தப் பாட்டில் இப்போது அவன் குரல். மூணாவது அடியில் எல்லாம் நின்றுபோகிறது. சத்தத்தைக் கூட்டிவைத்துக் கேட்டால், அந்த இடத்தில் சட்டைத் துணி உரசுவது கேட்கும். ஃபோன் நின்றுவிட்டது என்று நினைத்து அடுத்த பாட்டுக்குப் போகிறவர்கள் போகட்டும். அவள் இன்னும் கேட்கவில்லை. நான் வற்புறுத்தவும் இல்லை.

பத்து நாள் கழித்து அவன் ஃபோன் செய்தான். “பாப்பா, காது பாக்கணும். எப்ப வரட்டும்?”

“நாளைக்கு மூணு மணிக்கு” என்றாள். “வந்துடு.”

மறுநாள் நான் இரண்டாம் மாடியில் ஸ்டூல் போட்டு நின்றிருந்தேன். ஒருவழியாகப் புது மணி வந்திருந்தது. பழையதைக் கழற்றுவதற்குள் லிஃப்ட் மேலே வந்தது. மணி அடித்தது, கதவு திறந்தது. அந்த லிஃப்டுக்கு முன்னும் பின்னும் கதவு. உள்ளே மச்சான் எனக்கு முதுகைக் காட்டி, மூடியிருந்த எதிர்க் கதவைப் பார்த்து நின்றுகொண்டிருந்தான். மணியும் கேட்கவில்லை, கதவு திறந்ததும் கேட்கவில்லை. அப்போது மணி ரெண்டே முக்கால்கூட ஆகவில்லை.

மூடிக்கொண்டு கீழேயே போகட்டும் என்று ஒரு நொடி விட்டேன். மறைத்து என்ன ஆகப் போகிறது, விட்டேன். கதவு பாதி மூடியபோது இறங்கிப்போய்க் காலைக் கொடுத்தேன். “மச்சான், இந்தப் பக்கம்.”

திரும்பினான். “மணி அடிச்சுதா மாப்ள?”

“அடிச்சுது.”

அறை வாசலில் அவள் நின்றிருந்தாள். நலம் விசாரிக்கவில்லை, கையைப் பிடிக்கவில்லை. உள்ளே உட்காரவைத்து ஹெட்ஃபோனை மாட்டினாள். “சத்தம் கேட்டா கையத் தூக்கு. சின்னதா கேட்டாலும் தூக்கு. கேக்காம தூக்கக் கூடாது.” கனமான கதவை மூடினாள்.

நான் பழைய மணியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்று பார்த்தேன். அவள் பொத்தானை அழுத்தினாள். மறுபடி அழுத்தினாள். அழுத்திக்கொண்டே இருந்தாள். உள்ளே இரண்டு கையும் முழங்கால் மேல் அப்படியே கிடந்தன. அவர் பொய்யாக ஒரு தடவைகூடக் கையைத் தூக்கவில்லை.